அன்றைய இரவின் நிலா

கிழக்கு தில்லியில் ஒரு நாலு மாடிக் குடியிருப்பு. மொட்டை மாடியில் பௌர்ணமி வெளிச்சம். முக்காலியில் பொருத்திய கேமராவின் டைமரை அழுத்திவிட்டு, மூச்சை அடக்கி நிற்கிறார் ஐம்பத்தெட்டு வயது அரசு அலுவலர் ஒருவர். பக்கத்தில் அவருடைய மகள் செல்பேசியை வானத்தை நோக்கி உயர்த்துகிறாள். ஒரு நொடிதான். குழிகளும் கறைகளும் துல்லியமாகத் தெரிய, திரை நிறைய நிலா. சிரித்தபடி அப்பாவிடம் நீட்டுகிறாள். ஏறக்குறைய முப்பது வருட உழைப்பு ஒரு நொடியில் கேலிக்குரியதாகிவிட்டது.

உழைப்பு தொடங்கியது 1996இல். சாந்தினி சௌக்கின் குச்சா சௌத்ரி கேமரா சந்தையில் பழைய ரஷ்ய ஜெனித் கேமரா ஒன்றை வாங்கினார். கூடவே வந்தது 58 மி.மீ. லென்ஸ். முதல் ஃபிலிம் சுருளில் பாதியை நிலாவுக்கே செலவழித்தார். கழுவி வந்தவை கறுப்புத் தாளில் சுண்ணாம்புப் பொட்டுகள். சில பிரேம்களை 'பிளாங்க்' என்று சொல்லி ஸ்டூடியோக்காரர் பிரிண்டே போடவில்லை.

ஏமாற்றத்துக்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, அளவு. கண்ணுக்கு எவ்வளவு பெரிதாகத் தோன்றினாலும் வானத்தில் நிலாவின் அகலம் அரை பாகைதான். லென்ஸின் குவியத் தூரத்தை 110ஆல் வகுத்தால் ஃபிலிமில் விழும் நிலாவின் அளவு கிடைக்கும். 58 மி.மீ. லென்சில் அது அரை மில்லிமீட்டர், கடுகைவிடச் சிறியது. இரண்டாவது, வெளிச்சம். இரவு என்பதால் ஷட்டரை நெடுநேரம் திறந்துவைக்க வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். கறுப்பு வானத்தைப் பார்த்து கேமராவின் ஒளிமானியும் அதையே சொல்கிறது. ஆனால் நிலாவின் அந்தப் பக்கத்தில் அப்போது பகல். அது வெயிலில் கிடக்கும் பாறை. 100 வேக ஃபிலிமுக்கு எஃப் 11 துவாரத்தில் நூற்றில் ஒரு நொடி போதும்.

இந்தப் பாடத்தைக் கற்க அவருக்கு ஆறு சுருள்கள் ஆயின. பிறகு லென்சுகள் வந்தன. 300 மி.மீ. லென்சில் நிலா மூன்று மில்லிமீட்டரை நெருங்கியது. 500 மி.மீ. ஆடி லென்சில் நாலரை. பௌர்ணமியைவிடப் பாதி நிலாவே படத்துக்கு நல்லது என்பதும் தெரிந்தது. முழுநிலவில் நிழல் இல்லை. பாதி நிலவில் இருளும் ஒளியும் சந்திக்கும் கோட்டருகே ஒவ்வொரு குழியும் நிழலோடு எழுந்து நிற்கும். 2016இல் வாங்கிய டிஜிட்டல் கேமராவின் ஜூம், 2000 மி.மீ. லென்சுக்கு ஈடானது. சட்டத்தின் உயரத்தில் முக்கால் பங்கு நிலாவே. புதிய தொல்லையும் கூடவே வந்தது: பூமி சுற்றுவதால் இரண்டே நிமிடத்தில் நிலா தன் அகலத்துக்கு நகர்ந்து, சட்டத்தை விட்டு வெளியேறத் தொடங்கிவிடும்.

நட்சத்திரங்களுக்குக் கணக்கு தலைகீழ். அங்கே அகன்ற லென்சும் நீண்ட பொறுமையும் வேண்டும். 500ஐக் குவியத் தூரத்தால் வகுத்தால், நட்சத்திரம் கோடாக இழுபடாமல் எத்தனை நொடி தாங்கும் என்பது தோராயமாகத் தெரியும். 24 மி.மீ. லென்சுக்குச் சுமார் இருபது நொடி. தில்லி மாடியில் அந்த இருபது நொடிக்குக் கிடைப்பது தெருவிளக்குகளின் ஆரஞ்சுப் புகை மட்டுமே. 2023 ஜூனில், அமாவாசையை ஒட்டி, லடாக்கின் ஹன்லேவுக்குப் போனார். சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் இந்திய வானியல் ஆய்வகம் இருக்கும் ஊர். 2022இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட பகுதி. அதே லென்ஸ், அதே இருபது நொடி. சட்டத்தின் குறுக்கே பால்வெளி விழுந்திருந்தது. குறை கேமராவில் இருக்கவில்லை.

இப்போது மகளின் செல்பேசி. அதில் ஒரு சங்கதி இருக்கிறது. 2023 மார்ச்சில் இணையத்தில் ஒருவர் ஒரு சோதனையை வெளியிட்டார். நிலாவின் படமொன்றை வேண்டுமென்றே மங்கலாக்கி, கம்ப்யூட்டர் திரையில் வைத்து, பிரபல செல்பேசி ஒன்றால் படமெடுத்தார். திரையில் இல்லாத விவரங்கள் படத்தில் இருந்தன. எதிரே இருப்பது நிலா என்று அடையாளம் கண்டதும் செயற்கை நுண்ணறிவு நுட்பங்களைக் கூட்டிக் காட்டுகிறது என்று நிறுவனமும் விளக்கியது. அவர் இதைச் சொன்னபோது மகள் அசரவில்லை. "எல்லாம் ஒரே நிலாதானே அப்பா, மாறவா போகிறது?"

நியாயமான கேள்வி. பதிலுக்கு அவர் ஆல்பத்தை எடுத்து வந்தார். 500 மி.மீ. லென்சில் எடுத்த பௌர்ணமிகள், மாத வரிசையில். வலப்பக்க விளிம்பருகே முட்டை வடிவில் ஒரு கறை: மாரே கிரிசியம். ஒரு மாதம் அது விளிம்பைவிட்டு விலகி நிற்கிறது. சில மாதங்கள் கழித்து விளிம்பை ஒட்டிப் போய்விடுகிறது. நிலாவின் பாதை நீள்வட்டம் என்பதால் அதன் ஓட்டம் வேகம் மாறுகிறது, சுழற்சி மாறுவதில்லை. அதனால் முகம் லேசாக இப்படியும் அப்படியும் திரும்புகிறது. பாதைக்கு அதன் அச்சு சாய்ந்திருப்பதால் மேலும் கீழும் ஆடுகிறது. ஒரே முகம் என்கிறோம்; ஆனால் காலப்போக்கில் பூமிக்குத் தெரிவது நிலாவின் 59 சதவீதம். இதைப் புத்தகத்தில் படிக்கும் முன்பே, தேய்ந்த பிரிண்டுகளைப் பக்கம்பக்கமாக வைத்து அவர் கண்டுபிடித்திருந்தார்.

அமெரிக்கப் புகைப்பட மேதை ஆன்சல் ஆடம்ஸின் புகழ்பெற்ற நிலா உதயப் படத்துக்கும் இதேபோல ஒரு கதை உண்டு. நியூ மெக்சிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூர், அந்தி வெயில் கல்லறைச் சிலுவைகளை விட்டு விலகப் போகிறது, ஒளிமானியைக் காணவில்லை. நிலாவின் பிரகாச அளவை நினைவிலிருந்து எடுத்துக் கணக்கிட்டு எடுத்தார். எந்த வருடம் என்பது பின்னாளில் அவருக்கே குழம்பியது. படத்தில் நிலா இருந்த இடத்தை வைத்து வானியலாளர்கள் தேதியைக் கண்டுபிடித்தார்கள்: 1941 நவம்பர் 1. எடுத்தவர் மறந்ததை நிலா மறக்கவில்லை.

மகள் ஆல்பத்தை நெடுநேரம் புரட்டினாள். அடுத்த வாரம் செல்பேசிப் படத்தையும் பிரிண்ட் போட்டுக்கொண்டு வந்து தந்தாள். அவர் மறுக்கவில்லை, வரிசையில் ஒட்டினார். ஒவ்வொரு படத்தின் கீழும் தேதி, லென்ஸ், துவாரம், நொடி எழுதுவது வழக்கம். இதன் கீழே தேதியை எழுதினார். சற்று யோசித்துவிட்டு, மற்ற இடத்தில் எழுதினார்: 'பாதி கண்டது, பாதி கேள்விப்பட்டது.'