ஒரே சேலை, பல நிறம்

வண்ணங்களைச் சொல்லித்தரும் படப்புத்தகம் என்றால் பக்கத்துக்கு ஒரு நிறம், நிறத்துக்கு ஒரு பொருள் என்றாகிவிட்டது: தக்காளி சிவப்பு, இலை பச்சை, வானம் நீலம். இதில் குழந்தை கற்பது நிறத்தைத்தானா என்பது என் சந்தேகம். ‘சிவப்பு’ என்பது அந்தத் தக்காளியின் உருண்டையா, மினுமினுப்பா, ருசியா என்று கண்டுகொள்ள அந்தப் பக்கத்தில் வழியே இல்லை. பிறந்த சில மாதங்களிலேயே கண் நிறங்களைப் பிரித்துப் பார்த்துவிடுகிறது. பெயர்தான் பிந்தி வருகிறது. சார்லஸ் டார்வின் 1877-இல் இதை எழுதியிருக்கிறார். பழகிய பொருள்களுக்கெல்லாம் பெயர் தெரிந்த தம் பிள்ளைகள், வண்ணப் படம் ஒன்றில் நிறங்களின் பெயரை மட்டும் சரியாகச் சொல்லத் திணறியதைப் பார்த்து, நிறக்குருடோ என்றே பயந்துவிட்டார். பார்வையில் குறை ஒன்றுமில்லை என்று பிறகு தெரிந்தது. பொருளிலிருந்து நிறத்தை உரித்தெடுப்பதுதான் சிரமம். ஆகவே புத்தகத்தில் பொருள் மாறாமல் நிற்க வேண்டும், நிறம் மட்டும் மாற வேண்டும். திருவிடைமருதூர்ப் பிள்ளைகளுக்கென்றால் சேலையை வைத்தே செய்யலாம். பட்டு நெய்யும் திருபுவனம் பக்கத்திலேயே இருக்கிறது. அதே முந்தானை, அதே மடிப்பு. ஒரு பக்கத்தில் அரக்கு, அடுத்ததில் கிளிப்பச்சை, அதற்கடுத்து மாம்பழ மஞ்சள். படித்துக்காட்டும்போதும் “சேலை மஞ்சளா இருக்கு” என்று பொருளை முதலில் சொல்வது நல்லது. ஆங்கிலம் பேசும் இரண்டு வயதுக் குழந்தைகளிடம் மைக்கேல் ராம்ஸ்காரும் உடன் ஆய்வாளர்களும் செய்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், பொருளுக்குப் பின்னால் நிறம் வந்த வாக்கியங்களே பலன் தந்தன.

வயலும் தறியும் கண்ணெதிரே இருக்கையில் புத்தகம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நாற்றங்காலின் இளம்பச்சையும் தூர்கட்டிய பயிரின் கரும்பச்சையும் ஒரே வயலில் ஒரே நாளில் வருவதில்லை. போன மாதத்து வயலைக் குழந்தை எடுத்துவைத்து ஒப்பிட முடியாது. எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டையும் வைத்து, இதுவும் பச்சை, அதுவும் பச்சை என்று காட்டப் புத்தகத்தால் முடியும். இத்தனை சாயல்கள் மூன்று வயதுப் பிள்ளையைக் குழப்பாதா? ஒரே பச்சையைக் காட்டிப் பழக்கினால்தான் அடுத்த பச்சையைப் பார்த்ததும் குழம்பும். ஒரு பெயர் எதுவரை செல்லும் என்று தெரிவதற்குச் சாயல்கள் வேண்டும். அச்சால் முடியாத இடமும் உண்டு. பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம் என்று நெய்த மயில்கழுத்துப் பட்டு, சாய்க்கச் சாய்க்க நீலமாகிறது, பச்சையாகிறது. அதற்குரிய பக்கத்தில் படம் போடக் கூடாது. குழந்தை தொட்டுத் திருப்பிப் பார்க்கும்படி உள்ளங்கை அகலத் துணியையே ஒட்டிவிட வேண்டும்.