சிறுதேர்

பெரிய பொருளைச் சிறிய வடிவில் செய்து பார்ப்பதில் மனிதனுக்கு என்றும் ஒரு தனி விருப்பம் உண்டு. அரப்பா, மொகஞ்சதாரோ ஆகிய இடங்களை அகழ்ந்தவர்கள் சுட்ட களிமண்ணால் ஆகிய சிறு வண்டிகள் பலவற்றைக் கண்டெடுத்தனர். நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்நகரத் தெருக்களில் ஓடிய மரவண்டிகள் மக்கி மறைந்தன. அவற்றைப் பார்த்துச் செய்த விளையாட்டு வண்டிகளோ நிலைத்து நின்றன. அக்காலத்து வண்டிகள் எவ்வாறு இருந்தன என்று இன்று நாம் அறிவதற்கு அச்சிறு வண்டிகள் பெரிதும் துணைபுரிகின்றன. பெரியது அழிந்த பின்னும் சிறியது சான்றாக நின்று பேசுகிறது.

நம் முன்னோரும் இவ்விருப்பத்தில் பின்தங்கியவர் அல்லர். குழந்தைகள் உருட்டி விளையாடிய மூன்று சக்கரச் சிறுதேரைப் பட்டினப்பாலை காட்டுகிறது. அத்தேருக்குக் குதிரை இல்லை. குழந்தையின் கையே குதிரை. பெரும்பாணாற்றுப்படையில் வரும் சிறுதேரோ, தச்சர் வீட்டுப் பிள்ளைகளும் விரும்பும்படி அமைந்தது. நாள்தோறும் தேரும் வண்டியும் செய்யக் காண்பவர் தச்சர் மக்கள். அவர்களே ஒரு விளையாட்டுத் தேரை விரும்பினர் என்றால் அதன் வேலைப்பாடு எத்தகையதாய் இருந்திருக்கும்! பின்னாளில் எழுந்த ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிறுதேர் உருட்டுதல் பத்துப் பருவங்களுள் ஒன்றாகவே இடம் பெற்றது. நம் வீடுகளில் குழந்தை நடை பழகும் மூன்று சக்கர நடைவண்டி அச்சிறுதேரின் வழித்தோன்றலே எனலாம்.

தேர்த் தொழிலின் பெருமையைப் பேசும்போது எங்கள் தருமபுரியை மறத்தல் இயலாது. 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சேலத்தினின்றும் பிரிந்து தனி மாவட்டமாகிய தருமபுரி, பழங்காலத்தில் தகடூர் எனப் பெயர் பெற்றிருந்தது. அதியமான் நெடுமான் அஞ்சி அதன் தலைவன். அவனுடைய வலிமையைப் பகைவர்க்கு எடுத்துரைக்க விரும்பிய ஔவையார், யானையையோ புலியையோ தேடிப் போகவில்லை. ஒரே நாளில் எட்டுத் தேர்களைச் செய்து முடிக்க வல்ல தச்சன் ஒருவன், ஒரு மாத காலம் கருத்தூன்றிச் செய்த ஒற்றைச் சக்கரத்தைப் போன்றவன் எம் தலைவன் என்று புறநானூற்றில் பாடினார். விரைந்து செய்ய வல்லவன் விரையாமல் செய்த பொருளுக்கே அத்துணைச் சிறப்பு. வேலையில் ஈடுபடும்போதெல்லாம் என் நினைவுக்கு வருவது இக்கருத்தே.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வண்டி செய்வது புதிய கலை அன்று. சோளம் அறுவடையாகிய பின், காய்ந்த தட்டையை உரித்து, உள்ளிருக்கும் நெட்டியை ஒரே அளவாக நறுக்கி, மேற்பட்டையை ஊசிபோலச் சீவிக் குத்தி, மாட்டு வண்டி ஒன்றை ஒரு நாழிகையில் செய்துவிடுவார்கள். நுங்கு தின்ற பின் எஞ்சும் பனங்காய் இரண்டும், கவைக்கோல் ஒன்றும் கிடைத்தால் தெரு முழுதும் வண்டியோட்டம்தான். தேய்ந்த ரப்பர்ச் செருப்பை வட்டமாக அறுத்தால் சக்கரம் ஆயிற்று. இவ்வாறு தொடங்கிய விளையாட்டு, என்னிடம் மட்டும் வயது ஏறிய பின்னும் விடை பெறவில்லை. மோட்டார் வண்டிகளை அளவு பிசகாமல் சிறிதாகச் செய்வதே இன்றும் என் ஓய்வு நேரத்துத் தொழில்.

பொம்மை வண்டிக்கும் மாதிரி வண்டிக்கும் வேறுபாடு உண்டு. பொம்மைக்குச் சாயல் போதும்; மாதிரிக்கு அளவு வேண்டும். உண்மை வண்டியின் 24 சென்டிமீட்டரை 1 சென்டிமீட்டராகக் கொண்டால், அம்மாதிரி 24-இல் ஒரு பங்கு அளவுடையது. அம்பாசிடர் கார் ஏறத்தாழ 4.3 மீட்டர் நீளம் உடையது. இவ்வளவின்படி அது 18 சென்டிமீட்டர் ஆகும். 43-இல் ஒரு பங்காகச் செய்தால் 10 சென்டிமீட்டர். 64-இல் ஒரு பங்கெனில் 7 சென்டிமீட்டருக்கும் குறைவு.

இங்கே மாணவர்கள் கருதத்தக்க கணக்கு ஒன்று உண்டு. நீளம் 24-இல் ஒரு பங்காகும்போது பரப்பு 576-இல் ஒரு பங்காகிறது. கனஅளவோ 13,824-இல் ஒரு பங்காகிறது. 1,100 கிலோகிராம் எடையுள்ள காரை, அதே பொருள்களால், அதே அமைப்பில் இவ்வளவுக்குச் சுருக்கினால் அதன் எடை ஏறத்தாழ 80 கிராம்தான் இருக்கும். வண்ணப்பூச்சு மட்டும் நம் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. கால் மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசினால், அது உண்மைக் காரின்மேல் 6 மில்லிமீட்டர் கனத்துக்குச் சாந்து பூசியதற்கு ஒப்பாகும். கதவின் இடுக்கும் கைப்பிடியின் வளைவும் அதில் மூழ்கிவிடும். ஆதலால், நீர்க்கக் கரைத்து, மெல்லப் பூசி, நன்கு உலரவிட்டு, மீண்டும் பூச வேண்டும். அவசரக்காரனுக்கு இக்கலை கைவராது.

என்னிடம் உள்ள கருவிகள் மிகச் சில. சிறு வாள், அரம், உளி, இடுக்கி, உப்புத்தாள், பசை ஆகியவையே அவை. தச்சுப் பட்டறையில் கழிக்கப்பட்ட மரத்துண்டு உடலாகும், அட்டை, கதவாகும், சட்டைப் பெட்டியின் மேல் ஒட்டிய ஒளிபுகும் தாள், கண்ணாடியாகும், சைக்கிள் சக்கரத்துக் கம்பி, அச்சாகும். விலை கொடுத்து வாங்குவதைவிடக் குப்பையில் கிடப்பதை உற்று நோக்கக் கற்பதே இத்தொழிலின் முதற்பாடம்.

பிற நாடுகளிலும் இக்கலை செழித்து வளர்ந்தது. அமெரிக்காவில் போர்டு நிறுவனம் 1908 முதல் 1927 வரை 'டி' என்னும் வகைக் கார்களை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்து குவித்தது. அவை பழையனவாகி மலிந்தபோது, கலிபோர்னிய இளைஞர்கள் அவற்றையும் அவற்றின் பின் வந்த வண்டிகளையும் குறைந்த விலைக்கு வாங்கினர். சக்கர மூடிகளைக் கழற்றி எடையைக் குறைத்தனர். எஞ்சினைத் திருத்தி வேகத்தைக் கூட்டினர். நீர் வற்றிய ஏரித்தளங்களில் ஓட்டிப் பந்தயமிட்டனர். இத்தகைய வண்டிகளே 'ஹாட் ராட்' எனப் பெயர் பெற்றன. 1932-இல் வெளிவந்த எட்டு உருளை எஞ்சின் கொண்ட போர்டு வண்டி அவர்களுக்கு மிக உவப்பானது. வண்டி வாங்க வசதியற்ற சிறுவர்கள் அவற்றின் மாதிரிகளைச் செய்து மகிழ்ந்தனர். 1958 முதல், ஒரே பெட்டியிலுள்ள உறுப்புகளைக் கொண்டு ஒரு காரை மூன்று விதமாகப் பூட்டக்கூடிய பிளாஸ்டிக் தொகுதிகளும் அங்கு விற்பனைக்கு வந்தன.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஒரு பிரிவாகிய பிஷர் நிறுவனம் 1930 முதல் 1968 வரை சிறுவர்களுக்கென ஒரு போட்டியை நடத்தியது. முதலில் பழங்கால அரச வண்டியின் மாதிரியைச் செய்யச் சொன்னார்கள். 1937 முதல் தாமே கற்பனை செய்த காரின் மாதிரியை, 12-இல் ஒரு பங்கு அளவில், செய்யவும் இடம் தந்தார்கள். வென்றவர்க்குக் கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகை கிடைத்தது. அவ்வாறு பரிசு பெற்றவருள் பலர் பிற்காலத்தில் மோட்டார் வண்டிகளின் வடிவமைப்பாளராக விளங்கினர். சிறுவன் கையில் இருந்த மரத்துண்டு அவன் வாழ்க்கைக்கே வழி வகுத்தது.

அமெரிக்கக் கார்களைவிட நம் சாலையில் ஓடிய வண்டிகளே எனக்கு நெருக்கமானவை. ஆங்கில நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடியொற்றி 1957-இல் உருவாகிய அம்பாசிடர், 2014-இல் உற்பத்தி நின்று போயிற்று. அமைச்சர் ஊர்வலத்துக்கும் மணமக்கள் ஊர்வலத்துக்கும் ஒருங்கே உதவிய அவ்வண்டியை இன்று சாலையில் காண்பது அரிதாகி வருகிறது. ஆனாலும் அதன் வரைபடங்களும் புகைப்படங்களும் ஏராளமாக உள்ளன. லாரியின் நிலை வேறு. முன்பெல்லாம் தொழிற்சாலை பெரும்பாலும் அடிச்சட்டத்தையும் எஞ்சினையும் மட்டுமே தந்தது. கூண்டையும் பின்பெட்டியையும் மரத்தாலும் தகட்டாலும் 'பாடி' கட்டித் தருவோர் நாமக்கல், சங்ககிரிப் பக்கங்களில் மிகுதி. அவர்கள் கைப்பழக்கத்தால் செய்தார்களேயன்றி, வரைபடம் எழுதி வைத்தவர் அல்லர். ஆதலால், அவ்வாறு கட்டிய ஒரு லாரி உடைபட்டால் அதன் உருவமும் அதனோடு மறைந்துவிடும்.

எங்கள் தெருவில் பெரியவர் ஒருவர் இருந்தார். முப்பது ஆண்டுகள் அசோக் லேலண்டு லாரி ஓட்டியவர். சேலத்திலிருந்து தொப்பூர்க் கணவாய் ஏறி, தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூர் வரை புளியும் மாம்பழமும் ஏற்றிச் சென்றவர். முதுமையில் அவருக்குக் கண்ணொளி முற்றும் போயிற்று. அவர் ஓட்டிய லாரியும் பல ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு விலைக்குப் போய்விட்டது. "தம்பி, உலகத்துக்கெல்லாம் வண்டி செய்கிறாயே, என் வண்டியை ஒரு முறை நான் பார்க்க வேண்டாமா?" என்று ஒரு நாள் கேட்டார். கண்ணிழந்தவர் 'பார்க்க' என்று சொன்ன சொல் என் நெஞ்சைத் தைத்தது.

வரைபடமும் இல்லை, நிழற்படமும் இல்லை. அவர் நினைவு ஒன்றே எங்களுக்கு ஏடு. திண்ணையில் அமர்ந்து, இல்லாத திருப்புச் சக்கரத்தை இரு கைகளாலும் பற்றிக் காட்டினார். எட்டாம் வகுப்பில் படித்த அவருடைய பேரன், கைகளுக்கு இடையே உள்ள அகலத்தை நாடாவால் அளந்தான், 54 சென்டிமீட்டர். 24-ஆல் வகுத்து, "இரண்டேகால் சென்டிமீட்டர்" என்றான். ஏறும் படி எவ்வளவு உயரம் என்று கேட்டபோது எழுந்து நின்று காலைத் தூக்கிக் காட்டினார். கருவிப் பெட்டி எந்தப் பக்கம், உதிரிச் சக்கரம் எங்கே, பின்பலகையில் எத்தனை சட்டம் என்று ஒவ்வொன்றையும் தடுமாறாமல் உரைத்தார். அதுவரை தாத்தாவிடம் ஒரு சொல்லும் நின்று பேசாத பேரன், இரண்டு மாத காலம் மாலைதோறும் அவர் அருகே அளவுநாடாவோடு அமர்ந்திருந்தான். கணவாயில் பாரத்தோடு இறங்கும்போது விசைப் பல்லைக் குறைத்து எஞ்சினாலேயே வண்டியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் முறையையும், நள்ளிரவில் அச்சு முறிந்து மழையில் நின்ற கதையையும் அப்போதுதான் அவன் கேட்டான்.

வேலை முடிந்ததும், ஒரு முழம்கூட இல்லாத அந்த லாரியை அவர் மடியில் வைத்தோம். விரல்கள் கூண்டின் மேல் மெல்ல ஊர்ந்தன, கதவைத் தொட்டன, படியில் வந்து நின்றன. நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பேரனை அருகிழுத்து, "இந்தப் படியில் கால் வைத்து ஏறித்தானடா உன் அப்பனைப் படிக்க வைத்தேன், உன் அத்தைமார் இருவருக்கும் திருமணம் செய்தேன்" என்றார். அடுத்த ஆண்டு அவர் காலமானார். லாரி அவர் வீட்டில் இருக்கிறது. அதைக் கண்டவர் எவரேனும் வினவினால், படி, பெட்டி, சட்டம் என ஒவ்வொன்றையும் சுட்டித் தாத்தாவின் கதையைச் சொல்லுபவன் அப்பேரனே.

'இதனால் என்ன பயன்? இந்நேரத்தில் நாலு காசு சேர்க்கலாமே' என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கும் ஔவையாரின் பாட்டு ஒன்றே விடை கூறும். உப்பு வணிகர் வண்டி பூட்டிப் புறப்படும்போது, எருதுகளோ இளையவை, பாரமோ மிகுதி, மேட்டிலும் பள்ளத்திலும் என்ன நேருமோ என்று எண்ணி, வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிச் செல்வராம். அதியமான் மகன் பொகுட்டெழினியை அச்சேம அச்சுக்கு ஒப்பிட்டு அவர் பாடினார். சமவெளியில் செல்லும் வரையில் அது வீண் சுமையாகத் தோன்றும். முதல் அச்சு முறிந்த இடத்தில்தான் அதன் அருமை விளங்கும். உற்று நோக்கும் கண்ணும், அளந்து செய்யும் கையும், விரையாத உள்ளமும் அத்தகையனவே. தேர்வுத்தாளில் அவற்றுக்கு மதிப்பெண் இல்லாதிருக்கலாம். வாழ்க்கை மேடேறும்போது அவை துணை நிற்கும்.

மாணவர்களே, உங்கள் ஊரிலும் மறையப்போகும் வண்டி ஒன்று எங்கேனும் நின்றுகொண்டிருக்கும். அதை ஓட்டியவரும் ஒரு திண்ணையில் அமர்ந்திருப்பார். இந்த விடுமுறையில் ஓர் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு அவரிடம் செல்லுங்கள்.