மலைநாட்டு எல்லையில் ஒரு வார வண்டிப் பிரயாணம்

விடுமுறைக்கு ஊர் திரும்பும் சங்கத்து அன்பர் பலர், உற்றார் உறவினரைக் கண்டு, குலதெய்வம் கும்பிட்டபின் எஞ்சி நிற்கும் ஒரு வாரத்தை எங்கே கழிக்கலாம் என்று கேட்பதுண்டு. அமெரிக்க நாட்டில் வாழ்வோர்க்கு ஓர் ஆசையும் இருக்கிறது. அந்நாட்டில் படுக்கையும் அடுப்பும் அமைந்த பெருவண்டியைத் தாமே ஓட்டிச் சென்று, யெல்லோஸ்டோன் முதலிய தேசியப் பூங்காக்களின் உள்ளேயே நிறுத்தி உறங்குகிறார்கள். நம் மேற்கு மலைத்தொடரையும் அவ்வாறே சுற்றி வரலாகாதா என்பது அவர்கள் வினா.

சுற்றி வரலாம், ஆனால் அவ்வாறே அன்று. கேரவன் என்றால் நம்மவர்க்குத் திரைப்பட நடிகர் ஓய்வு கொள்ளும் வண்டியே நினைவுக்கு வரும். கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென ஒரு கொள்கையை அறிவித்தது. இடுக்கி மாவட்டத்து வாகமண்ணில் அவ்வண்டிகள் தங்கவென்றே ஓரிடமும் எழுந்தது. ஆயினும் நம் காடுகளில் அவரவர் வண்டியோடு நுழைந்து இராத் தங்க இடமில்லை. சைலண்ட் வேலிக்கு முக்காலியிலிருந்து வனத்துறை இசைவுபெற்ற ஜீப்பில்தான் போகவேண்டும். இரவிகுளத்துக்கு வனத்துறைப் பேருந்து. பரம்பிக்குளத்தைச் சுற்றிப் பார்ப்பதும் வனத்துறை வண்டியிலேதான். ஆகவே பன்னிரண்டு பேர் அமரும் வேன் ஒன்றை, மலைப்பாதை பழகிய ஓட்டுநரோடு கோயம்புத்தூரில் அமர்த்திக் கொள்வதே அறிவுடைமை. கேரளத்துக்குரிய அனுமதியும் வரியும் முடிந்தனவா என்று புறப்படுமுன் கேட்டு வைத்துக் கொள்க.

காலத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். அயல்நாட்டுப் பள்ளிகள் மூடுவது ஜூன், ஜூலையில். அதுவே தென்மேற்குப் பருவமழை இம்மலைகளில் கொட்டும் காலம். மண் சரியும், சாலை அடைபடும். பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் வரையாடு குட்டி ஈனும் பொருட்டு இரவிகுளத்தை மூடிவிடுவார்கள். எனவே டிசம்பர் விடுமுறையே தக்கது. குளிர் கடுமைதான்; கம்பளி கொண்டு போனால் போயிற்று.

முதல் நாள் வாளையாறு வழியே பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து மண்ணார்க்காடு சென்று, மறுநாள் வைகறையில் முக்காலியை அடையலாம். குந்திப்புழையின் குறுக்கே அணை கட்டி மின்சாரம் எடுக்க வகுத்த திட்டம், மக்கள் எதிர்ப்பினால் கைவிடப்பெற்று, 1984-இல் சைலண்ட் வேலி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றது. சிங்கவால் குரங்கு வாழும் காடு அது. ஜீப் 23 கிலோமீட்டர் குலுங்கிச் செல்லும். முதுகுவலி உள்ள பெரியவர்களை விடுதியில் விட்டுச் செல்வதே அவர்களுக்குச் செய்யும் உபசாரம்.

பரம்பிக்குளம் ஒரு விந்தை. நிலம் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. போகும் சாலையோ பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத் தமிழ்நாட்டினுள் செல்வது. அணைகள் கேரள மண்ணில் நிற்கின்றன. அவற்றை இயக்குவோர் தமிழ்நாட்டுப் பொறியாளர். நீர் பாய்வது கொங்கு நாட்டு வயல்களுக்கு. இதற்குரிய ஒப்பந்தம் 1970-இல் கையெழுத்தாயிற்று. ஐந்தாறு பேர் கைகோத்தாலன்றி அணைக்க முடியாத கன்னிமரா தேக்கு இங்குள்ளது. 1907 முதல் அரை நூற்றாண்டுக்கு மேலாக இக்காட்டு மரத்தைச் சாலக்குடிக்கு இறக்கிய டிராம் பாதை இப்போது இல்லை. காட்டினுள் தங்கும் அறைகள் சிலவே. புறப்படுவதற்கு நெடுநாள் முன்னரே பதிவு செய்தல் வேண்டும்.

அங்கிருந்து உடுமலைப்பேட்டைக்கு வந்து மூணாற்றுச் சாலையில் ஏறினால், மழை மறைவில் கிடக்கும் முட்காடான சின்னாறு வரும். சாம்பல் நிற மலை அணிலும் நட்சத்திர ஆமையும் அங்குண்டு. யானை நடமாடும் வழியாதலின் பொழுது சாய்வதற்குள் மறையூர் சேர்ந்துவிட வேண்டும். மறையூர், காந்தலூர் உள்ளிட்ட ஐந்து ஊர்கள் அஞ்சுநாடு எனப்படும். பாண்டி நாட்டிலிருந்து வந்து குடியேறியோர் வழியினர் என்று அவ்வூரார் தம்மைச் சொல்லிக் கொள்கிறார்கள். சந்தனக் காட்டையும் முனியறை எனப்படும் கற்பதுக்கைகளையும் பார்த்துவிட்டு, கரும்பாலையில் சூடாக உருட்டிய வெல்லம் வாங்காமல் வருவது பிழை.

மூணாற்றில் இரண்டு நாள் தங்குக. இரவிகுளம் 1978-இல் தேசியப் பூங்காவாயிற்று. வரையாடுகள் மனிதரை மதியாமல் மேய்கின்றன. 2,695 மீட்டர் உயர்ந்த ஆனைமுடியும் அதனைச் சேர்ந்ததே. மலைச்சரிவை நீலமாக்கும் குறிஞ்சி 2018-இல் பூத்தது. அடுத்த பூப்பு 2030 என்பர். அந்த ஆண்டை இப்போதே குறித்து வைப்போரும் உளர்.

ஆனால் தேயிலைத் தோட்டத்தைப் படம் பிடித்துக் கொண்டு மட்டும் திரும்பிவிடாதீர்கள். அந்தச் செடிகளிடையே கொழுந்து கிள்ளுவோரிற் பலர் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசும் குடும்பத்தினர். 1956-இல் மாநில எல்லை வகுத்தபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்ற கிளர்ச்சி நிறைவேறவில்லை. அவர்கள் இருந்த இடத்திலேயே இருக்க, எல்லை அவர்களைக் கடந்து போயிற்று. 2015-இல் தோட்டப் பெண்கள் தாமே திரண்டு ஊதியமும் போனசும் கேட்டுப் போராடினர். 2020 ஆகஸ்டு 6 இரவு, இராஜமலைக்கு அப்பாலுள்ள பெட்டிமுடியில் மலை சரிந்து தொழிலாளர் லயங்களை மூடியது. 70 பேர் மாண்டனர். கயத்தாற்றுப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் அவற்றிற் பல. வரையாடு காணச் செல்லும் பேருந்து அந்தத் திசையிலேதான் ஏறுகிறது. பிழைப்புக்காக ஊர் விட்டு வந்து வாழும் நம் பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள். தேநீர்க் கடையில் தமிழில் ஒரு வார்த்தை பேசினால், எந்த ஊர் என்ற கேள்வி உடனே வரும். பேச்சு எளிதில் முடியாது.

மறுநாள் டாப் ஸ்டேஷன் வழியாக வட்டவடை. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அழிந்த குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில் முடிந்த உச்சி நிலையமே டாப் ஸ்டேஷன்; அங்கிருந்து கம்பிவடத்தில் தேயிலை கொட்டகுடிப் பக்கம் இறங்கிப் போடிநாயக்கனூர் சென்றது. வழியிலுள்ள பாம்பாடும்சோலை 1.32 சதுர கிலோமீட்டரே உள்ள தேசியப் பூங்கா. கேரளத்தில் இதனினும் சிறியது இல்லை.

பூப்பாறை வழியே ஏலத்தோட்டங்களைக் கடந்து தேக்கடி செல்க. ஏரியில் படகு விடும்போது, கரையில் பட்டுப்போய் நிற்கும் மரங்களைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள்: 1895-இல் பென்னிக்குயிக் கட்டி முடித்த அணையால் நீரில் மூழ்கிய காடு அது. அந்நீர் மலையைக் குடைந்த வழியே வைகைப் படுகைக்குப் போகிறது. குமுளியிலிருந்து இறங்கினால் லோயர் கேம்ப்பில் மின்நிலையத்துக் குழாய்களும், அவருக்குத் தமிழ்நாடு அரசு எழுப்பிய மணிமண்டபமும் தென்படும். கம்பத்துத் திராட்சைத் தோட்டத்தில் சற்று நின்றாலும், நண்பகலில் குமுளியை விட்டவர் இருட்டுமுன் மதுரை சேரலாம்.