மிஸ்ஸிங்

நான் படித்த பிரெஞ்சில் ஸ்பார்க் பிளக்குக்கும் மெழுகுவர்த்திக்கும் ஒரே பெயர்தான்: 'பூஜி'. பூஜி சரியாகப் பற்றாவிட்டால் வண்டி திக்கும். நம் மெக்கானிக்குகள் அதை 'மிஸ்ஸிங்' என்பார்கள்.

ஆரணியில் நெய்த பட்டைக் கடைக்குக் கொண்டுபோக டூவீலர்தான் துணை. பக்கத்துத் தெருத் தறிக்காரத் தம்பியின் பிஎஸ்-6 வண்டி மேட்டில் திக்கியது. எச்சரிக்கை விளக்கும் எரிந்தது. பிளக்கை மாற்றியும் போகவில்லை. புகைச் சோதனையிலும் தேறவில்லை. காயில் போயிருந்தது. சர்வீஸ் சென்டரில் முழுப் பணமும் கேட்டார்கள்.

"வண்டியோடு கொடுத்த புத்தகத்தைக் கொண்டுவாங்க தம்பி" என்றேன். எமிஷன் வாரண்டி என்று தனிப் பக்கம் இருந்தது. அதன் பட்டியலில் காயிலும் இருந்தது. தேய்மானப் பொருளான பிளக் இல்லை. பில், சர்வீஸ் ரசீதுகள், புகைச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் சேர்த்து மனு எழுதினோம். காயிலை இலவசமாக மாற்றித் தந்தார்கள்.

1.4.2020 முதல் பிஎஸ்-6 வந்தபின் சைலன்சருக்குள் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இல்லாத பெட்ரோல் வண்டி அரிது. மிஸ்ஸிங்கோடு ஓட்டினால் எரியாத பெட்ரோல் அங்கே போய் எரிந்து அதையும் கெடுத்துவிடும். அதன் விலையோ காயிலைவிடப் பல மடங்கு. பட்டியல் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உங்கள் புத்தகத்தை இன்றே ஒருமுறை புரட்டுங்கள். ரசீதுகளைத் தூக்கி எறியாதீர்கள்.