பழகிய கையே பகையாகும் பறக்கும் வண்டி!

1967-ல் வெளிவந்த ‘யூ ஒன்லி லிவ் டுவைஸ்’ படத்தில் ஜேம்ஸ் பாண்ட் ஒரு குட்டி வானூர்தியில் பறந்து எதிரிகளின் ஹெலிகாப்டர்களை விரட்டுவார். ‘லிட்டில் நெல்லி’ என்ற அந்த வண்டியைக் கட்டியவரும், பாண்டுக்குப் பதிலாக அதை ஓட்டியவரும் ஒருவரே. பெயர், கென் வாலிஸ். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் விமானப்படையின் வெலிங்டன் குண்டுவீச்சு விமானங்களை ஓட்டியவர். 2002-ல், 86 வயதில்கூட கைரோபிளேனில் வேக சாதனை படைத்தார்.

இறக்கை விமானம் ஓட்டிச் சலித்த பலருக்கு இந்த ஆசை வருகிறது. அமெரிக்காவில் வீட்டு கராஜிலேயே கைரோபிளேன் கட்டுகிறவர்கள் உண்டு.

பார்க்க ஹெலிகாப்டர் மாதிரி இருக்கும். ஆனால், பறக்கும்போது தலைக்கு மேல் சுற்றும் ரோட்டாரை இன்ஜின் சுற்றுவதில்லை. புரொப்பெல்லர் வண்டியை முன்னே செலுத்த, கீழிருந்து புகும் காற்றுதான் ரோட்டாரைச் சுழற்றுகிறது. பனையோலைக் காற்றாடியைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் ஓடுவார்களே, அதே கதைதான்! நடுவானில் இன்ஜின் நின்றாலும் ரோட்டார் நிற்காது. வண்டி இறங்க இறங்க, காற்று அதைச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இதைக் கண்டுபிடித்த ஸ்பெயின்காரர் ஹுவான் டி லா சியர்வாவுக்குத் தூண்டுதலே ஒரு விபத்துதான். 1919-ல் அவர் வடிவமைத்த விமானம் வேகம் குறைந்து விழுந்தது. வேகம் குறைந்தாலும் விழாத ஒன்றைத் தேடியவர், 1923-ல் தன் ஆட்டோஜைரோவைப் பறக்கவிட்டார்.

அப்படியானால் அனுபவசாலி விமானிக்கு என்ன பயம்?

அவருடைய அனுபவம்தான்.

விமானத்தின் வேகம் குறைந்து தடுமாறினால், ஸ்டிக்கை முன்னே தள்ள வேண்டும். பயிற்சியின்போது திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். யோசிக்காமலே கை அதைச் செய்யும். கைரோபிளேனில் அப்படிச் சட்டென்று தள்ளினால், கீழிருந்து வரும் காற்று ரோட்டாருக்குக் கிடைக்காமல் போகும். சுழற்சி தளரும். பின்னாலிருந்து தள்ளும் புரொப்பெல்லர் உயரமாகப் பொருத்தப்பட்டிருந்தால், வண்டியை முன்பக்கமாகக் குப்புறக் கவிழ்த்துவிடும். அதிலிருந்து மீள வழியே இல்லை. ஒருவரை நூறு தடவை காப்பாற்றிய பழக்கம், இங்கே ஒரே தடவையில் உயிரை வாங்கிவிடும்.

தரையிலும் இதே சிக்கல்தான். விமானத்தில் ஓடுபாதைக்கு வந்ததும் த்ராட்டிலை முழுதாகத் திறக்கலாம். இங்கே ரோட்டார் போதிய வேகம் பிடிக்கும் முன் ஓடினால், அதன் இதழ்கள் மேலும் கீழும் அடித்து வாலையே வெட்டிவிடக்கூடும். இறங்கிய பிறகும் ரோட்டார் அடங்கும் வரை ஸ்டிக்கை விட முடியாது.

அமெரிக்காவில் சுமார் 115 கிலோவுக்குக் குறைவான, ஒருவர் மட்டும் அமரும் வண்டியைப் பொழுதுபோக்குக்காக ஓட்ட லைசென்ஸே வேண்டாம். ‘நமக்குத் தெரியாததா!’ என்று தானே ஏறிவிடுவதற்குச் சட்டம் குறுக்கே நிற்பதில்லை. வீட்டில் இருப்பவர்கள்தான் குறுக்கே நின்று கேட்க வேண்டும்.

விவரம் தெரிந்தவர்கள் வண்டி தயாரானதும் அதில் ஏறுவதில்லை. இரட்டை இருக்கை கைரோபிளேனில் பயிற்சியாளரோடு உட்கார்ந்து, முதல் நாள் மாணவனாகத் தொடங்குகிறார்கள். கை பழைய பாடத்தை மறக்கும் வரை, ஆசையாகக் கட்டிய வண்டி கராஜிலேயே காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பும் பயிற்சியில் சேர்த்திதான்.