பதினாறு நம்பர் ட்யூப்

வயசான ஆண்கள் நாலு பேர் கடற்கரைச் சாலையில் உட்கார்ந்தால் சர்க்கரை அளவைப் பேசுவார்கள், முழங்காலைப் பேசுவார்கள், ஸ்டென்ட் எத்தனை என்பதைப் பெருமையாகக்கூடச் சொல்வார்கள். மூத்திரம் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டார்கள். ராத்திரி நாலு தடவை எழுந்திருப்பவர், எழுந்தும் போக முடியாமல் நிற்பவர், ட்யூப்போடு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் எல்லாரும் அதைத் தனக்கு மட்டும் வந்த அவமானம் போல மூடி வைத்துக்கொள்கிறார்கள். இங்கே படிக்கிற நண்பர்களில் பெரும்பாலோர் என் வயசுக்காரர்கள். ஆகவே கூச்சத்தை ஒதுக்கிவிட்டு எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. முப்பத்து சொச்சம் வருஷம் கோப்பு தைத்த குமாஸ்தா. அந்தப் பார்வையில்தான் இது இருக்கும்.

என் அண்ணனுக்கு எண்பத்து மூன்று. எங்கள் ஊர் பாஷையில் சொன்னால் அவர் ஒரு 'சொல்தா'. 1962 ஆகஸ்ட் 16-க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமா என்று கேட்டபோது அப்பா வேண்டாம் என்றார், இருபது வயசு அண்ணன் வேண்டும் என்றார். அவர் பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போனார். நான் பிரெஞ்சில் படித்துவிட்டு இந்திய சர்க்காருக்கு இங்கிலீஷில் நோட் போட்டேன். பதினைந்து வருஷம் சர்வீஸ் முடித்துத் திரும்பியவர், அண்ணி போனபின் என்னோடுதான் இருக்கிறார். ப்ராஸ்டேட் வீங்கி ஒரு நாள் ராத்திரி மூத்திரம் அடியோடு நின்றுவிட்டது. வயிறு பானை மாதிரி உப்பி, அந்த மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலையை இதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில் ட்யூப் போட்டார்கள். மாத்திரை கொடுத்து, ட்யூபை எடுத்துப் பார்த்தார்கள். மறுபடி அடைத்தது. இருதயம் பலவீனம், மயக்க மருந்து தாங்காது என்று ஆபரேஷனையும் தள்ளி வைத்தார்கள். கடைசியில் ட்யூபோடு வீட்டுக்கு வந்தோம், கையில் ஒரு துண்டுச் சீட்டு: 'ஃபோலி 16 எஃப்ஆர், யூரோ பேக்'. அவ்வளவுதான்.

சீட்டை எடுத்துக்கொண்டு ஒரு சர்ஜிக்கல் கடைக்குப் போனேன். பதினாறு இல்லை, இருபதுதான் இருக்கிறது என்றான் பையன். "எல்லாம் ஒண்ணுதான் சார். பெரிசா போட்டா நல்லா போகும்." சட்டைக் காலர் வாங்கப் போனால்கூட இப்படிச் சொல்ல மாட்டான். வாங்காமல் வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து மூத்திரப்பை சமாசாரம் தெரிந்த நர்ஸ் அம்மாவிடம் கேட்டேன். "தடையில்லாமப் போற அளவுக்குள்ள எது சின்னதோ அதுதான் சார் சரியான அளவு" என்றார். பெரிய குழாய் உள்ளே இருக்கும் தோலை அழுத்திப் புண்ணாக்கும். ஓரமாகக் கசிந்தாலும் உடனே பெரிய நம்பருக்கு மாறக் கூடாதாம். முதலில் குழாய் மடங்கியிருக்கிறதா, மலச்சிக்கல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். மலம் கட்டினாலும் பை சுருங்கி இழுத்து ஓரத்தில் கசியும்.

எஃப்ஆர் என்றால் என்ன என்று கேட்டேன். "ஃப்ரெஞ்ச்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளைப் பருவம் முழுக்க பிரெஞ்சு வாத்தியார்களிடம் குட்டு வாங்கியவனுக்கு, எழுபது வயசுக்கு மேல் அண்ணனின் மூத்திரக் குழாயில் அந்த பிரெஞ்சு திரும்பி வருகிறது. நம்பரை மூன்றால் வகுத்தால் குழாயின் வெளி விட்டம் மில்லிமீட்டரில் வந்துவிடும். பதினாறு என்றால் ஐந்தேகால் மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும். இந்த அளவை ஏற்படுத்தியவர் ஷாரியேர் என்கிற கருவி செய்கிறவர். சுவிட்சர்லாந்தில் பிறந்து பாரிஸில் பட்டறை வைத்தவர், 1876-இல் இறந்தார். சில பாக்கெட்டில் எஃப்ஆர் பக்கத்திலேயே 'சிஎச்' என்றும் அச்சடித்திருப்பார்கள். அது அவர் பெயரின் முதல் இரண்டு எழுத்து. பலூன் இல்லாத சாதாரண நேர்க் குழாய்க்கு நெலத்தோன் என்று பெயர். அவரும் பாரிஸ் சர்ஜன்தான். கரிபால்டியின் காலில் குண்டு தங்கியிருப்பதைக் கண்டுபிடிக்க உதவியவர். பலூன் வைத்த ஃபோலி மட்டும் அமெரிக்கர் பெயர். அண்ணனிடம் இதையெல்லாம் சொன்னபோது, "அப்ப இதுவும் நம்ம பட்டாளத்து ஆளுதான்னு சொல்லு" என்றார். வீட்டுக்கு வந்தபின் அவர் முதல்முறையாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

கடையில் பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். நம்பர் பாக்கெட்டில் இருக்கும். பலூனுக்குத் தண்ணீர் ஏற்றும் முனையில் நிறமும் இருக்கும்: பதினாலு பச்சை, பதினாறு ஆரஞ்சு, பதினெட்டு சிவப்பு. அந்த முனையிலேயே பலூன் எத்தனை மில்லி என்றும் போட்டிருப்பார்கள். முப்பது மில்லி பெரிய பலூன், ப்ராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தம் நிறுத்தப் பயன்படுவது. மாதக்கணக்கில் வீட்டில் இருப்பவருக்குப் பொதுவாகப் பத்து மில்லி போதும். வால் மூன்றாகப் பிரிந்திருந்தால் அது உள்ளே கழுவிவிடுகிற ஆஸ்பத்திரிச் சாமான். நமக்கு இரண்டு வால் உள்ளதுதான்.

அடுத்தது ரப்பரா, சிலிக்கோனா. இங்கேதான் சாமர்த்தியம் வேண்டும். பாக்கெட்டில் 'சிலிக்கோனைஸ்டு' என்று பெரிசாக இருக்கும். அது சிலிக்கோன் இல்லை. லேட்டெக்ஸ் ரப்பரின் மேல் சிலிக்கோன் பூச்சு. பழுப்பு மஞ்சளாக இருந்தால் ரப்பர், கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிந்தால் முழு சிலிக்கோன். ரப்பரை இரண்டு வாரம் போல வைக்கலாம். முழு சிலிக்கோனைப் பன்னிரண்டு வாரம் வரை வைக்கலாம் என்று போட்டிருப்பார்கள், ஆனால் அடைக்கிற உடம்பாக இருந்தால் அதற்கு முன்பே மாற்ற வேண்டும். விலை பல மடங்கு. இருந்தாலும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரு கிழவரைப் படுக்க வைத்துக் குழாய் மாற்றுகிற வேதனையைக் கணக்கில் சேர்த்தால் சிலிக்கோன்தான் மலிவு என்பது என் அபிப்பிராயம். சுவர் மெல்லியதாக இருப்பதால் அதே நம்பரில் உள் துவாரமும் கொஞ்சம் பெரிசு. ரப்பர் அலர்ஜி உள்ளவர்களுக்குக் கேள்வியே இல்லை.

பலூனில் ஸ்டெரைல் வாட்டர்தான் ஏற்ற வேண்டும், சலைன் கூடாது. உப்பு படிந்து வழி அடைத்துக்கொண்டால் பிறகு பலூன் இறங்காது. ரப்பர் ட்யூபில் வாஸ்லின், எண்ணெய் தடவுவதும் கூடாது, ரப்பர் கெட்டுவிடும். அதற்கென்று லிக்னோகெய்ன் ஜெல்லி இருக்கிறது. போடுவது, எடுப்பது எல்லாம் பழகிய நர்ஸ் கையில்தான். சில பெரியவர்கள் தூக்கக் கலக்கத்தில் இழுத்துவிடுவார்கள். உள்ளே பலூன் உப்பியபடியே வெளியே வந்தால் வழியெல்லாம் கிழியும். அதனால்தான் தொடையில் பிளாஸ்திரி போட்டுக் கொஞ்சம் தொய்வு விட்டு ஒட்டுவது.

நண்பர்கள் சிலர் காண்டம் கதீட்டர் ஏன் வாங்கவில்லை என்று கேட்டார்கள். அது வேறு வியாதிக்கு. முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அடைப்பா, கசிவா? மேலே உறை போல மாட்டுகிற அது தன்னால் கசிகிறவர்களுக்கு. அடைத்துக்கொண்டவருக்கு அதை மாட்டிப் புண்ணியமில்லை. வாங்குகிறவர்கள் அளவெடுத்து வாங்க வேண்டும். இருபத்தைந்து, முப்பது, முப்பத்தைந்து மில்லிமீட்டர் என்று இருக்கிறது. ஆண்பிள்ளைகள் பெரிய அளவைக் கேட்டு வாங்கிப்போய்ப் படுக்கையை நனைக்கிறார்கள் என்று நர்ஸ் அம்மா சிரிக்காமல் சொன்னார். தினமும் கழற்றிக் கழுவி, தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கை நடுங்காதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை தாமே மெல்லிய நெலத்தோன் குழாயைச் செலுத்தி மூத்திரத்தை எடுத்துவிட்டு உருவிவிடுவது. 1972-இல் லாப்பிடெஸ் என்ற அமெரிக்க டாக்டர், இதற்கு ஆபரேஷன் தியேட்டர் சுத்தம் தேவையில்லை, சோப்பு போட்டுக் கழுவிய கை போதும் என்று எழுதினார். நாள் முழுக்க ட்யூபோடு இருப்பதைவிட இதில் தொற்று குறைவு. அண்ணனுக்குக் கை நடுக்கம். ஆகவில்லை.

இனி பை. இரண்டு லிட்டர் யூரோ பேக் எல்லாக் கடையிலும் கிடைக்கும். அடியில் திருகும் குழாய் இருக்க வேண்டும், உள்ளே போன மூத்திரம் திரும்பாமல் தடுக்கும் வால்வும் இருக்க வேண்டும். வால்வு இல்லாததை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பை எப்போதும் வயிற்றுக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது. கட்டிலுக்கு ஒரு கொக்கி வாங்கினேன். ட்யூபும் பையும் சேரும் இடத்தைத் தேவையில்லாமல் பிரிக்கக் கூடாது, கிருமி நுழைகிற வாசல் அதுதான். மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் காலி பண்ணிவிடுவோம். தினமும் சோப்புத் தண்ணீரால் சுற்றிலும் துடைத்தால் போதும். டெட்டால் வேண்டாம்.

எங்கள் தெருவில் படுக்கையாகக் கிடக்கும் ஒரு பாட்டிக்குப் பை முழுக்க ஊதாவாக மாறி, வீட்டில் அழுகையே கிளம்பிவிட்டது. அதற்கு ஊதாப் பை நோய் என்றே பெயர். மலச்சிக்கலும் மூத்திரத்தில் கிருமியும் சேரும்போது பிளாஸ்டிக்கில் நீலமும் சிவப்புமான சாயம் உண்டாகிறது. அந்த நீலம் அவுரிச் சாயமேதான். ஒரு காலத்தில் இந்த ஊரிலிருந்து அவுரியில் தோய்த்த நீலத்துணி செனகலுக்குக் கப்பல் ஏறியது. அதே சாயம் பாட்டியின் பையில். டாக்டரிடம் காட்டி, மலச்சிக்கலைச் சரிபண்ணி, ட்யூபும் பையும் மாற்றியதும் தெளிந்துவிட்டது. பயப்பட வேண்டியது வேறு: நாலு மணி நேரமாகப் பையில் ஒரு சொட்டு விழவில்லை, குளிர் ஜுரம் அடிக்கிறது, ரத்தம் கட்டியாக வருகிறது, பெரியவர் திடீரென்று உளறுகிறார் என்றால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

ட்யூபைவிட அண்ணனை வாட்டியது அந்தப் பைதான். கையில் தூக்கிக்கொண்டு திண்ணைக்குக்கூட வர மாட்டேன் என்றார். யாராவது வந்தால் கதவைச் சாத்திக்கொள்வார். ஜூலை 14-க்கும் நவம்பர் 11-க்கும் கடற்கரையில் உள்ள யுத்த ஸ்தூபியில் மலர்வளையம் வைக்கும்போது, மெடல்களைக் குத்திக்கொண்டு வரிசையில் நிற்காத வருஷம் அவருக்குக் கிடையாது. "இந்த வருஷம் வரலைன்னு சொல்லிடு தம்பி. பட்டாளத்துக்காரன் பையத் தூக்கிக்கிட்டு நிக்கிறதா?" என்றார். குரல் உடைந்திருந்தது.

காலில் கட்டுகிற பை ஒன்று உண்டு என்பதை ஆஸ்பத்திரியிலும் சொல்லவில்லை, கடையிலும் சொல்லவில்லை. 'லெக் பேக்' என்று கேட்டு, நாலு கடை ஏறி வாங்கினேன். அரை லிட்டர் கொள்ளும், இரண்டு பட்டை, தோலில் படும் பக்கம் மெத்தென்ற துணி. தொடையில் கட்டுவதற்குச் சின்னக் குழாய், கெண்டைக்காலுக்கு நீளக் குழாய். அண்ணன் பேண்ட் போடுகிறவர், அதனால் கெண்டைக்கால். வேட்டிக்காரர்களுக்குத் தொடைதான் சௌகரியம். பட்டை இறுகினால் கால் வீங்கும், ஒரு விரல் நுழைய வேண்டும். ராத்திரியில் அதைக் கழற்ற வேண்டாம், அதன் அடிக்குழாயிலேயே பெரிய பையை மாட்டிக் குழாயைத் திறந்துவிட்டால் போதும்.

நவம்பர் காலையில் வெந்நிறச் சட்டை, கறுப்புப் பேண்ட், மெடல். கிளம்புமுன் பையைக் காலி பண்ணினோம். வண்டியில் ஏறும்போது மட்டும் என் தோளைப் பிடித்துக்கொண்டார். ஒன்றரை மணி நேரம் நாற்காலியில் உட்காராமல் நின்றார். பக்கத்தில் நின்ற இன்னொரு சொல்தா, தொண்ணூறை நெருங்குகிறவர், திரும்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவனுக்கும் ட்யூப்னு சொன்னாங்களே, பை எங்கப்பா?" என்று கேட்டார். சொன்னேன். தன் வேட்டியை லேசாக விலக்கி, மஞ்சள் பையில் சுருட்டி மடியில் செருகியிருந்த யூரோ பேக்கைக் காட்டினார். மறுநாள் அவருக்கும் ஒன்று வாங்கிக்கொண்டு போனேன்.

வீட்டில் ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். குமாஸ்தா புத்தி. ட்யூப் மாற்றிய தேதி, பாக்கெட்டில் இருந்து கிழித்து ஒட்டிய லேபிள், பலூனில் ஏற்றிய மில்லி, அடுத்த தேதி. ராத்திரி அவசரத்துக்குப் போனபோது டியூட்டி டாக்டர் அந்த நோட்டைத்தான் முதலில் வாங்கிப் பார்த்தார். அலமாரியில் ஒரு ட்யூப், இரண்டு பை, ஜெல்லி, சிரிஞ்சு எப்போதும் உபரியாக இருக்கும், காலாவதித் தேதி வெளியே தெரிகிற மாதிரி. ட்யூபை ரப்பர் பேண்ட் போட்டு மடித்து வைக்காதீர்கள், மடிப்பு நிற்கும். அடுத்த மாற்றம் வருகிற வியாழக்கிழமை.