தலைப்பிடாத ஓவியர்

பத்திரிகை அலுவலகத்தில் எனக்குக் கிடைத்த முதல் வேலை எழுதுவதன்று, கோடு கீறுவது. கணினி எட்டிப் பாராத அந்நாட்களில் பத்திகளைப் பிரிக்கும் கோடுகளை அடிமட்டமும் மைப்பேனாவும் கொண்டு கையாலேயே கீறுவோம். அடிமட்டத்தை எடுக்கும்போது ஒரு துளி மை இழுபட்டாலும் பக்கம் பாழாகிவிடும். நேர்கோடு கீறுவது இலகுவான காரியம் என்று எவராவது சொன்னால் நான் இன்றும் ஒப்புக்கொள்வதில்லை.

2013 ஆம் ஆண்டு ஒரு கருத்தரங்கிற்காகப் புதுடில்லி சென்றிருந்தபோது ஒரு பிற்பகல் ஓய்வாகக் கிடைத்தது. சாகேத்திலுள்ள கிரண் நாடார் கலைக்கூடத்தில் நஸ்ரீன் மொஹமதியின் படைப்புகள் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தன. சுவரெங்கும் சிறிய சிறிய தாள்கள். தாள் நிறையக் கோடுகள், கோடுகளைத் தவிர வேறொன்றுமில்லை. பத்திரிகைக்காரனின் பழக்கம், படத்தைப் பார்க்குமுன் அருகிலிருந்த விளக்க அட்டையைத்தான் தேடினேன். அங்கும் ஏமாற்றமே. ஏறக்குறைய எல்லாவற்றிற்கும் 'தலைப்பில்லை' என்றே எழுதியிருந்தது. பெரும்பாலானவற்றை வரைந்த ஆண்டுகூட ஊகந்தான். தன் ஓவியங்களுக்குப் பெயரிடவோ திகதியிடவோ அவர் அக்கறை காட்டியதில்லை. முப்பது வருடங்களுக்கு மேலாகத் தலைப்பிடுவதையே பிழைப்பாகக் கொண்டிருந்த என்னை அது ஏதோ செய்தது.

நஸ்ரீன் 1937 இல் கராச்சியில் பிறந்தவர். 1887 இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டிற்குத் தலைமை தாங்கிய பத்ருதீன் தயாப்ஜியின் சுலைமானி போரா சமூகந்தான் அவருடையதும். சிறு வயதிலேயே தாயை இழந்தார். பிரிவினைக்கு முன்பே, 1944 இல், குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தது. 1954 இலிருந்து 1957 வரை லண்டன் சென் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியிலும், பின்னர் 1961 இலிருந்து 1963 வரை பிரெஞ்சு அரசின் புலமைப்பரிசில் பெற்றுப் பாரிஸிலும் பயின்றார். தந்தையின் வர்த்தகம் பஹ்ரெய்னில் இருந்தமையால் அந்தப் பாலைவனமும் அவருக்குப் பழக்கமானது. பம்பாயில் அவர் வரைந்துகொண்டிருந்த பூலாபாய் நிலையத்தில்தான் அருவ ஓவியத்தில் அவருக்கு மூத்தவரான வி. எஸ். கெய்தொண்டேயின் நட்பும் வழிகாட்டலும் வாய்த்தன. 1972 முதல் பரோடாப் பல்கலைக்கழக நுண்கலைப் பீடத்தில் ஆசிரியர்.

ஆரம்பத்தில் அவரும் திரைச்சீலையில் எண்ணெய் வர்ணந்தான் தீட்டினார். படிப்படியாக ஒவ்வொன்றையும் விட்டார். வர்ணத்தை விட்டார், திரைச்சீலையை விட்டார், எழுபதுகளில் தூரிகையும் போயிற்று. எஞ்சியவை தாள், பென்சில், மை, கட்டடக்கலைஞர்கள் பாவிக்கும் வரைகருவிகள் மாத்திரமே. அவருடைய தலைமுறையில் பெரும்பாலோர் மனித உருவங்களையும் கதைகளையும் தீட்டிக்கொண்டிருந்த இந்தியாவில் இது தனிவழி. அந்தக் கோடுகளின் முன் சற்று நேரம் நின்றால் அவை தாளை விட்டு எழும்புவதுபோல் தோன்றும். சில இடங்களில் நெருங்கி இருள்கின்றன, சில இடங்களில் நூலிழையாய் மெலிந்து இல்லாமற் போகின்றன. தறியில் நெருக்கமாக ஓடும் பாவு நூல்களை அவர் படம் பிடித்திருக்கிறார். கடல் வடிந்த மணல், வீதியில் பூசிய வெள்ளைக் கோடுகள், பத்தேபூர் சிக்ரியின் முற்றம் ஆகியனவும் அவருடைய கமராவில் அகப்பட்டவை. அந்தப் புகைப்படங்களை வாழ்நாளில் ஒருமுறையேனும் காட்சிக்கு வைத்தவரல்லர்.

இத்தனைக்கும் அவரைப் பீடித்திருந்தது உடலின் அசைவுகளைச் சிறிது சிறிதாகப் பறிக்கும் ஒரு நரம்பு நோய். அது முற்றிய காலத்திலும் தாளில் இறங்கிய கோட்டில் நடுக்கமில்லை. 1990 இல், 53 வயதில், பம்பாய்க்குத் தெற்கே கிஹிம் கடற்கரைக் கிராமத்தில் காலமானார். 2016 இல் நியூயோர்க் மெட்ரோபொலிற்றன் அருங்காட்சியகம் தனது மெட் புரூயர் கிளையைத் திறந்தபோது, தொடக்கக் கண்காட்சிகள் இரண்டில் ஒன்று இவருடையது.

டில்லியிலிருந்து திரும்பியதும் ஞாயிறு இதழுக்கு ஒரு கட்டுரை எழுதினேன். நான் இட்ட தலைப்பு, 'உருவங்களை மறுத்த முஸ்லிம் ஓவியை'. கவர்ச்சியான தலைப்பென்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். பக்க வடிவமைப்பில் இருந்த முஸ்லிம் யுவதி ஒருத்தி அதைத் திரையில் பொருத்திவிட்டு, என்னைத் திரும்பிப் பாராமலே கேட்டாள்.

"சேர், போன மாசம் கெய்தொண்டேயப் பத்தி எழுதினீங்க. அவரும் உருவம் வரையாதவர்தானே? அதுல 'இந்து ஓவியர்'னு போடல்லயே?"

வாசகருக்குச் சட்டென்று விளங்க வேண்டுமல்லவா என்று ஏதோ மழுப்பினேன். அவள் மேற்கொண்டு எதுவும் பேசவில்லை. பக்கம் அச்சுக்குப் போயிற்று.

தலைப்பு உண்மைக்கும் மாறானது. மார்க்கம் தடுத்ததால்தான் நஸ்ரீன் உருவத்தைக் கைவிட்டார் என்பதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இருக்கவில்லை. எம். எப். ஹுசைனும் தயேப் மேத்தாவும் முஸ்லிம் குடும்பங்களில் பிறந்தவர்களே. இருவரும் ஆயுள் முழுவதும் உருவங்களைத்தான் தீட்டினார்கள். ஒரு பெண்ணின் பெயரைப் பார்த்தேன், அவளுடைய கோடுகளுக்குக் காரணமும் அந்தப் பெயருக்குள்ளேயே கிடக்கிறதென்று முடிவுசெய்துவிட்டேன். அடையாள அட்டையில் பெயரைப் படித்ததுமே ஆளை அளந்துவிடும் சோதனைச்சாவடிகளில் எத்தனையோ தடவை வரிசையில் நின்றவன் நான். என் பெயருக்குள் நான் எவ்வளவு இருக்கிறேன் என்று அங்கே எவரும் கேட்டதில்லை. அந்த எரிச்சலைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதியும் இருக்கிறேன். அப்படியிருந்தும் பேனா என் கைக்கு வந்தபோது நானும் அதையே செய்தேன்.

அந்த யுவதி சில மாதங்களில் வேலையை விட்டு வெளிநாடு போய்விட்டாள். அவளுக்கு உரிய பதிலை நான் சொல்லவேயில்லை.

அந்தப் பத்திரிகை நறுக்கு இன்னும் என் கோவையில் இருக்கிறது. போன கிழமை அதை எடுத்து, தலைப்பின் மேல் அடிமட்டத்தை வைத்துக் குறுக்கே ஒரு கோடு கீறினேன். கை முன்புபோல் இல்லை. கோடு நடுவில் சற்று விலகிவிட்டது.